தூளியில் தோள்: அறுவைக்குப் பின் ஆறு வாரங்கள்

கால் முறிந்தவன் ஊன்றுகோலுடன் வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகின்றனர். தோளில் அறுவை செய்துகொண்டவனோ நடக்கிறான், சிரிக்கிறான், வகுப்புக்கும் வருகிறான். ஆதலின் அவனுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை என்று நாம் எண்ணுகிறோம். சில நாட்களில் அவனும் அவ்வாறே எண்ணத் தொடங்குகிறான். அந்த எண்ணமே தைத்த தோளுக்குப் பகையாகிறது.

நான் இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவன். விடுதியில் என் அறையில் உடன் உறையும் இளைய நண்பர் ஒருவர் கபடி ஆடுபவர். அவருடைய வலத்தோள் பலமுறை நழுவியதால் அறுவை செய்ய நேர்ந்தது. ஊரிலிருந்து வந்த பெற்றோரால் பத்து நாட்களுக்கு மேல் தங்க இயலவில்லை. எஞ்சிய நாட்களில் அறை நண்பர்களாகிய நாங்களே துணை. மருத்துவமனையில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வாய்மொழியாகச் சொன்னவை இந்தியில் இருந்தன. இரண்டும் அறியாத அவருடைய தாயார் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "ஏன் தம்பி, கைய அசைக்கச் சொல்றாங்களா, அசைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களா?"

மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை, "இரண்டும்" என்பதே. எதை அசைக்கக் கூடாது, எதை அசைத்தே ஆகவேண்டும், ஏன் என்பதை நம் மொழியில் எழுதி வைத்தால் வேறு சிலருக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

தோளின் அமைப்பு

பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடியிருப்போம். தோள் மூட்டு ஏறத்தாழ அப்படிப்பட்டதே. மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது பொருந்தும் தோள்பட்டை எலும்பின் குழியோ சிறியது; ஆழமற்றது. எந்த நிலையிலும் உருண்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணம், எளிதில் நழுவாது. தோளோ ஆழத்தைக் கைவிட்டு அசைவைப் பெற்றிருக்கிறது. தலைக்கு மேலும், முதுகுக்குப் பின்னும், பக்கவாட்டிலும் கை செல்வது இந்த ஆழமின்மையால்தான்.

பழம் கரண்டியிலிருந்து விழாமல் காப்பவை மூன்று. குழியின் ஓரத்தைச் சுற்றி அமைந்து அதன் ஆழத்தை மிகுவிக்கும் குருத்து விளிம்பு ஒன்று. மூட்டைச் சுற்றியுள்ள உறையும் மூட்டுநார்களும் மற்றொன்று. உருண்டையைக் குழியோடு அணைத்துப் பிடிக்கும் நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும் மூன்றாவது.

இளைஞர்களுக்குத் தோள் நழுவும்போது பெரும்பாலும் உருண்டை முன்புறமாகவே வெளியேறுகிறது. அப்போது முன்புறத்துக் குருத்து விளிம்பு எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். மீண்டும் மீண்டும் நழுவுவதற்கு இப்பிளவே முதன்மையான காரணம் என்பதை ஆங்கில அறுவை மருத்துவர் பாங்கார்ட் 1923 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பிய்ந்த விளிம்பை எலும்போடு மீண்டும் சேர்க்கும் அறுவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்பொழுது பெரும்பாலும் சிறு துளைகளின் வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி, எலும்பில் சிறு முளைகளைப் பதித்து, அவற்றிலுள்ள நூலால் விளிம்பைத் தைத்துவிடுகின்றனர். நடுவயதினருக்கும் முதியவருக்கும் தசைநாண் கிழிந்து அதைத் தைக்கும் அறுவையே மிகுதி.

தையல் ஒரு தொடக்கம் மட்டுமே

அறுவை முடிந்த அன்று விளிம்பைப் பிடித்திருப்பது நூல், உடல் அன்று. உடல் தன் வேலையை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. முதல் சில நாட்கள் வீக்கமும் வெப்பமும் இருக்கும். அடுத்த சில வாரங்களில் புதிய நார்கள் தோன்றும். ஆனால் அவை இளசானவை, ஒழுங்கின்றிக் கிடப்பவை. அவை முறுக்கேறி வலிமை பெறப் பல திங்கள் ஆகும். நூல் தளர்வதற்குள் உடலின் பிடிப்பு உறுதியாக வேண்டும். அதுவரை தோளை இழுவையிலிருந்து காப்பதே கைத்தூளியின் பணி. மருத்துவமனையில் இதனை 'ஸ்லிங்' என்பர்.

எத்தனை நாட்கள் அணிவது? விளிம்பைத் தைத்தவர்க்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரங்கள். தசைநாணைத் தைத்தவர்க்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள். உராயும் எலும்பைச் சற்றுச் செதுக்குவது மட்டுமே நடந்திருந்தால் சில நாட்களே போதும். இறுகிய தோளை விடுவித்திருந்தால் மறுநாளே அசைக்கச் சொல்வர். ஆகவே ஒருவர்க்குச் சொன்ன கணக்கு மற்றவர்க்குப் பொருந்தாது. அறுவை செய்தவர் சொன்ன கணக்கே கணக்கு.

ஓய்வா? அசைவா?

இது மருத்துவ உலகில் நெடுநாள் நடந்த வழக்கு. 19 ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ் என்பவர், அடிபட்ட மூட்டுக்கு இடைவிடாத நீண்ட ஓய்வே மருந்து என்று வாதாடினார். அதே நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் லூக்கா சாம்பியோனியே, அளவான அசைவே குணப்படுத்தும் என்று எதிர்வாதம் செய்தார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் காட்மன் 1934 இல் தோளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். உடலைக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டும் பயிற்சி அவர் பெயரோடு இன்றும் நிலைத்துள்ளது.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. முற்றும் அசையாத தோள் இறுகிப்போகும். அளவின்றி அசைந்த தோள் தையலை அறுக்கும். இன்றைய மருத்துவம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய வரப்பின்மேல் நடக்கிறது. தோளுக்கு ஓய்வு, கைவிரல், மணிக்கட்டு ஆகியவற்றுக்கு அசைவு. முழங்கையை மடக்கி நீட்டுவதும் பெரும்பாலோர்க்கு முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் மேற்கையின் முன்தசை நாணையும் சேர்த்துத் தைத்திருந்தால் அதற்குத் தனி விதி. கேட்டறிந்தே செய்ய வேண்டும்.

தூளியை அணியும் முறை

ஒரு மனிதனின் கை அவன் உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர்க்கு 3 கிலோ. நாம் இதை உணர்வதில்லை. தோளின் தசைகள் ஓசையின்றிச் சுமக்கின்றன. தூளி அணிந்தவுடன் அந்த 3 கிலோவும் பட்டையின் வழியே கழுத்தில் ஏறுகிறது. பெரும்பாலோர் இரண்டாம் நாள் முறையிடுவது தோள்வலியை அன்று, கழுத்து வலியையே.

ஆதலின் தூளியை அணிவிக்கும்போது கீழ்க்கண்டவற்றை நோக்க வேண்டும்.

முதலாவது, முழங்கை தூளியின் மூலையில் ஆழ்ந்து பொருந்தியிருக்க வேண்டும். முழங்கை முன்னே நழுவினால் கையின் சுமையைத் தூளி தாங்காது, தோளே தாங்கும்.

இரண்டாவது, முழங்கை செங்கோணமாக மடங்கியிருக்க, உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கை தாழ்ந்தால் நீர் கோத்து விரல்கள் வீங்கும்.

மூன்றாவது, தூளியின் துணி சிறுவிரலின் அடிவரை நீண்டு மணிக்கட்டைத் தாங்க வேண்டும். மணிக்கட்டு விளிம்பில் தொங்கினால் விரல்கள் மரத்துப்போகும்.

நான்காவது, பட்டை கழுத்தெலும்பின்மேல் அழுந்தாமல் எதிர்த்தோளின் சதைப்பகுதியில் படிய வேண்டும். அங்கே மடித்த பருத்தித் துண்டை வைத்தால் உறுத்தல் நீங்கும். இதற்கு ஒரு கைக்குட்டை போதும்.

ஐந்தாவது, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. வலிக்கு அஞ்சுபவர் அனைவரும் இவ்வாறு செய்வர். மூச்சை மெல்ல விட்டுத் தோளைத் தளர விடுமாறு அடிக்கடி நினைவூட்ட வேண்டும். பட்டை சரியான நீளத்தில் இருந்தால்தான் அவரால் தளர விட முடியும்.

தசைநாண் தைத்தவர் சிலருக்கு உடலுக்கும் கைக்கும் நடுவே ஒரு சிறு திண்டு வைத்த தூளி தருவர். கை சற்று விலகியிருந்தால் தைத்த நாணில் இழுவை குறையும் என்பதே காரணம். இடைஞ்சலாக இருக்கிறது என்று அத்திண்டைக் கழற்றி எறியக் கூடாது.

முதல் இரவும் பின்வரும் இரவுகளும்

அறுவைக்கு முன் கழுத்தோரத்தில் ஊசி போட்டுக் கையை மரக்கச் செய்வது இப்போது வழக்கம். அம்மரப்பு அரை நாளோ ஒரு நாளோ நீடிக்கும். அதுவரை நோயாளி, "வலியே இல்லை" என்று மகிழ்ந்திருப்பார். மரப்பு நள்ளிரவில் தெளியுமாயின் வலி வெள்ளம்போல் வரும். எனவே மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையை மரப்புத் தெளியுமுன்னரே, அவர் சொன்ன வேளைப்படி தொடங்க வேண்டும். மரத்த கை சூட்டையும் அழுத்தத்தையும் உணராது. சூடான தேநீர்க் குவளையை அதனருகே வைக்கலாகாது. அந்த ஊசியால் குரல் கம்முவதும் ஒரு கண்ணிமை தாழ்வதும் உண்டு. மரப்போடு அவையும் நீங்கும். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் உடனே தெரிவிக்க வேண்டும்.

பனிக்கட்டி ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். கட்டியை நேரே தோலில் வைக்காமல் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும். கட்டும் புண்ணும் நனையக் கூடாது.

உறக்கமே பெரிய சோதனை. மல்லாந்து படுத்தால் முழங்கை தன் எடையால் உடலுக்குப் பின்னே சரிகிறது; உருண்டை முன்னே தள்ளப்படுகிறது; வலிக்கிறது. விடுதிக் கட்டிலில் இதற்கு வழி உண்டு. சுவரோரம் இரண்டு தலையணைகளையும் மடித்த போர்வையையும் அடுக்கிச் சாய்ந்த நிலையில் படுக்க வைக்க வேண்டும். முழங்கைக்குப் பின்னே மற்றொரு சிறு தலையணை வைக்க வேண்டும். சரியாக வைத்தோமா என்பதற்கு எளிய சோதனை ஒன்று: படுத்தவர் தலையைத் தூக்காமல் தம் முழங்கையைக் காண முடிய வேண்டும். காண முடியவில்லை எனின் கை பின்னே சரிந்துவிட்டது என்பது பொருள். உறங்கும்போதும் தூளியைக் கழற்றக் கூடாது. உறக்கத்தில் கை எங்கே போகும் என்பதை யாரும் அறியார்.

குளியல், உடை, உணவு

சட்டை அணியும்போது அறுவை செய்த கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அதுவே கடைசியில் வெளிவர வேண்டும். இவ்வொரு விதியைக் கற்றுக்கொண்டால் பாதி வலி குறையும். தலைவழியே மாட்டும் பனியனை மறந்துவிட்டு, முன்புறம் பொத்தான் உள்ள தளர்ந்த சட்டையையே பயன்படுத்த வேண்டும். வேட்டிக்கும் கைலிக்கும் இரண்டு கைகள் வேண்டும். எலாஸ்டிக் வைத்த கால்சட்டையே நலம். மாணவியர் எனின் சடை பின்ன ஒரு தோழி வேண்டும்; உள்ளாடையும் முன்புறம் மாட்டுவதாக இருத்தல் நன்று. வடநாட்டுக் குளிர்காலத்தில் ஸ்வெட்டரின் கைக்குள் கையை நுழைக்க முயலாமல், தூளியின்மேல் சால்வையைப் போர்த்திக்கொள்வதே எளிது.

அக்குளைக் கழுவாமல் விட்டால் தோல் ஊறிப் புண்ணாகும். குளிக்க மருத்துவர் இசைந்தபின், தூளியை நீக்கி, இடுப்பை வளைத்து முன்னே குனிந்தால் கை தானே உடலைவிட்டு விலகித் தொங்கும். தோளைத் தூக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். குளியலறையில் ஈரத்தரையில் வழுக்கினால் கை தானாகவே நீளும். ஒரு நொடியில் எல்லாம் கெடும். ஆகவே அமர்ந்து குளிப்பதே நல்லது.

சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டியது ஒன்று. இடத்தோளில் அறுவை செய்தவர்க்குக் கால் கழுவுதல் பெருந்தொல்லை. கையை முதுகுப்புறம் கொண்டுசெல்வது தைத்த தோளுக்கு ஆகாது. அறுவைக்கு முன்பே வலக்கையால் பழகிக்கொள்வதும், நீர்க்குழாய் உள்ள மேனாட்டுக் கழிப்பறையை நாடுவதும் தக்கது.

உணவுக்கூடத்தில் வேறொரு கூச்சம். வலக்கை தூளியில் இருக்கும்போது இடக்கையால் உண்ண நம்மவர்க்கு மனம் வருவதில்லை. என் நண்பர் முதல் மூன்று நாட்கள் பிறர் எழுந்து சென்றபின்னரே உண்ண வந்தார். பிறகு நாங்கள் நால்வரும் கரண்டியை எடுத்து இடக்கையாலேயே சாம்பார் சோறு உண்டோம். சிந்தியது மிகுதி, சிரித்தது அதைவிட மிகுதி. அன்று முதல் அவர் வேளைக்கு உண்டார். புண் ஆற நல்ல உணவு வேண்டும்; பருப்பும் முட்டையும் பாலும் குறையக் கூடாது. புகைப்பது தைத்த இடம் ஆறுவதைத் தடுக்கும். புகைக்கும் நண்பர்கள் அவருக்கு ஒன்று நீட்டாமல் இருப்பதே பேருதவி.

அசைக்க வேண்டியவை

விழித்திருக்கும் வேளையில் மணிக்கொருமுறை விரல்களை இறுக மூடித் திறக்க வேண்டும். மணிக்கட்டை மேலும் கீழும் வளைக்க வேண்டும். இசைவு பெற்றவர் நாளுக்குச் சிலமுறை தூளியைத் தளர்த்தி, மேற்கையை உடலோடு ஒட்டி வைத்து, முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். தோள்பட்டைகளைப் பின்னே மெல்லச் சேர்த்து விடுவதும் பலர்க்கு உண்டு. ஊசல் பயிற்சியை மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ தொடங்கச் சொன்ன பின்னரே தொடங்க வேண்டும். அதில் கையை ஆட்டுவது தோள் அன்று. மறுகையால் மேசையைப் பிடித்துக் குனிந்து நின்று, உடலை அசைக்க, கை கயிறுபோல் அதைத் தொடர்கிறது.

செய்யக் கூடாதவையும் சில. கையை ஊன்றி எழுதல், கதவை இழுத்தல், பையைத் தூக்குதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகியவை ஆகா. விளிம்பைத் தைத்தவர் கையை வெளிப்புறமாகத் திருப்புவதும் தலைக்குப் பின் கொண்டுபோவதும் சிறப்பாக விலக்கத்தக்கவை. ஊருக்கு ரயிலில் போவதாயின் கீழ்ப்படுக்கை வேண்டும். மேலே ஏறக் கைப்பிடியை இழுத்தாக வேண்டும். பெட்டியைத் தூக்க ஆள் துணை வேண்டும்.

மூன்றாவது வாரம்

ஆறு வாரங்களிலும் இடர் மிகுந்தது முதல் வாரம் அன்று. முதல் வாரத்தில் வலியே காவலன். கையை அசைக்க எவரும் துணியார். மூன்றாவது வாரத்தில் அக்காவலன் போய்விடுகிறான். வலி குறைந்துவிட்டது, தோலின் தையலும் பிரித்தாயிற்று, தூளியோ அழுக்கேறிக் கழுத்தை அறுக்கிறது. ஒருநாள் மாலை என் நண்பர், "அண்ணே, வலிதான் இல்லையே, இன்னும் எதுக்கு இந்தத் தூளி? இன்னைக்கு மட்டும் கழட்டிட்டு மைதானத்துல நிக்கிறேன், ஆட மாட்டேன்" என்றார்.

"தம்பி, நட்ட நாத்து வேர் பிடிச்சுதான்னு யாராவது பிடுங்கிப் பார்ப்பாங்களா?" என்றேன். அவர் உழவர் வீட்டுப் பிள்ளை, மறுமொழி கூறவில்லை. ஆனால் அறிவுரை மட்டும் போதாது என்பதை நான் உணர்ந்தேன். அவர் தூளியை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதைத் துவைத்து நாளாகிவிட்டது. பட்டையின் ஓரம் கழுத்தில் சிவந்த கோடு இட்டிருந்தது. அன்றிரவே அவரைத் தலையணையில் கையைச் சாய்த்து அமர வைத்து, தூளியைத் துவைத்து உலர்த்தினோம். பட்டைக்குப் பழைய பருத்தி வேட்டியால் உறை தைத்தோம். கையிருப்புக்கு மற்றொரு தூளியும் வாங்கினோம். அதன் பிறகு கழற்றும் பேச்சே எழவில்லை.

நோயாளியின் சுகம் என்பது மருத்துவத்துக்குப் புறம்பான செல்லம் அன்று என்பதை நான் பாடநூலில் படித்திருந்தேன். இங்கே கண்ணால் கண்டேன். வருத்தும் கட்டை எவரும் ஆறு வாரம் அணியார். உறுத்தாத கட்டே நிலைக்கும்; நிலைத்த கட்டே தோளைக் காக்கும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

காய்ச்சல், புண்ணில் சீழ், பரவும் செந்நிறம், விரல்கள் நீலமாதல் அல்லது குளிர்தல், மரப்புத் தெளிந்தபின்னும் உணர்ச்சியின்மை, மாத்திரைக்கு அடங்காமல் ஏறும் வலி, கையோ காலோ திடீரென வீங்குதல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தூளியை விடும் நாளும் ஒரே நாளாக இருப்பதில்லை. மருத்துவர் இசைந்தபின் முதலில் அறைக்குள் சிறிது நேரம், பிறகு வகுப்பில், கடைசியாகவே கூட்டமுள்ள இடங்களில் என விட்டுப் பழகுவது வழக்கம். கூட்டத்தில் தூளி ஓர் அறிவிப்புப் பலகையும் ஆகும். அதைக் கண்டு பிறர் இடிக்காமல் விலகுவர். இறுக்கம் நீங்கி வலிமை திரும்புவதற்குப் பின்னும் பல திங்கள் பயிற்சி உண்டு. மோதி ஆடும் விளையாட்டுக்கு ஏறத்தாழ ஆறு திங்களாவது பொறுக்க வேண்டும்.

நண்பர்களே! வீட்டைவிட்டு நெடுந்தொலைவில் பயிலும் நமக்கு அறைத் தோழனே தாய். அடுத்த அறைக்காரனே உறவு. நம்முள் ஒருவர் கை தூளியில் இருக்கக் கண்டால், "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு நகர வேண்டா. பட்டை கழுத்தை உறுத்துகிறதா, முழங்கை மூலையில் பொருந்தியிருக்கிறதா, இரவில் உறக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அவருடைய புத்தகப் பையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக் குறிப்பை அவருக்கும் ஒரு படி எழுதுங்கள். தேர்வு வருமாயின் எழுத்துதவியாளர் வேண்டித் துறைக்கு விண்ணப்பம் எழுதக் காலத்தே துணை நில்லுங்கள். மருத்துவர் தைத்த தோளை ஆறு வாரம் காக்கும் பணியில் பெரும்பங்கு உடனுறைவோர்க்கே உரியது.